இருவருக்கு எத்தனை அடி? ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் அளவைத் தேர்ந்தெடுத்தல்

பிக்கப் டிரக்கின் பின்தட்டில் மாட்டி இழுத்துச் செல்லும் நகரும் வீடான ஃபிஃப்த் வீல் டிரெய்லரை வாங்கப் புறப்படும் கணவனும் மனைவியும் விற்பனைத் திடலில் முதலில் ஏறிப் பார்ப்பது பெரும்பாலும் அங்கே நிற்பவற்றிலேயே பெரியதைத்தான். சுவரோடு வெளியே நீளும் பகுதிகளான ஸ்லைடு-அவுட்டுகள் எல்லாம் தள்ளி விரிக்கப்பட்டு, சமையலறையின் நடுவே ஒரு மேடை, எதிர்ச் சுவரில் மின்கணப்பு, அதற்கு மேல் தொலைக்காட்சி என்று வீட்டுக் கூடத்தையே நினைவூட்டும் அந்த இடத்தில் நின்றுகொண்டு, பக்கத்தில் நிற்கும் 28 அடி டிரெய்லரைப் பற்றி யோசிக்க யாருக்கும் மனம் வராது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருவர் மட்டும் பயணம் செய்வதற்கோ ஆண்டில் சில மாதங்கள் தங்குவதற்கோ எந்த அளவு பொருந்தும் என்ற கேள்வியை நீளத்திலிருந்து தொடங்கினால் குழப்பமே மிஞ்சும் என்பது என் கருத்து. இழுக்கப்போகும் டிரக்கிலிருந்தும், நிறுத்தப்போகும் இடத்திலிருந்தும் தொடங்கினால், எந்த நீளங்கள் நமக்கு ஆகாதவை என்பது முதலில் தெரிந்துவிடும்; மிச்சமிருப்பவற்றுக்குள் நம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம்.

குதிரை வண்டிகளின் முன் அச்சு திரும்புவதற்காக அதன் மேல் படுக்கைவாக்கில் பொருத்தப்பட்ட வளையத்தைத்தான் முதலில் ஐந்தாம் சக்கரம் என்றார்கள். அந்தப் பெயர் சரக்கு லாரிகளின் இணைப்புக்கு வந்து, அங்கிருந்து டிரெய்லர்களுக்கும் வந்தது. விமானத் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான கிளென் கர்டிஸ் 1920களின் இறுதியில் விற்ற ஏரோகார் இந்த வகை டிரெய்லர்களுக்கு மூத்தது. இன்றைய ஃபிஃப்த் வீலில், டிரெய்லரின் மூக்குக்கு அடியில் தொங்கும் கிங்பின் என்ற முளை, பிக்கப் டிரக்கின் பின்தட்டில் பொருத்திய ஹிட்ச் என்ற இணைப்புக்குள் போய் உட்காருகிறது. இணைப்பு பின் அச்சுக்கு மேலேயே இருப்பதால், பம்பரில் மாட்டி இழுக்கும் சாதாரண டிரெய்லர்களைப் போல இது பக்கவாட்டில் ஆடி டிரக்கை அலைக்கழிப்பதில்லை. அந்த நிதானத்துக்கு ஒரு விலை உண்டு. சாதாரண டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டை டிரக்கின் மேல் சுமத்துமானால், ஃபிஃப்த் வீல் சுமார் 20 விழுக்காட்டையும், சில சமயம் அதற்கு மேலும் சுமத்துகிறது. அளவைப் பற்றிய பேச்சு எல்லாம் கடைசியில் இந்த ஓர் எண்ணில்தான் வந்து முட்டும்.

டிரக் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது இழுவைத் திறன். ஃபிஃப்த் வீல் வாங்குபவர் பார்க்க வேண்டியதோ சுமைத் திறன், அதாவது பேலோடு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிறிய வில்லையில், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும். அந்த எண் அந்த ஒரு வண்டிக்கே உரியது. ஒரே மாதிரியில், ஒரே ஆண்டில் வந்த இரண்டு டிரக்குகளில் கூரைக் கண்ணாடியும் மின்னியக்கப் படிகளும் உள்ள ஆடம்பர வகை, அவை இல்லாததைவிடச் சில நூறு பவுண்டு குறைவாகவே சுமக்கும். எனவே பட்டியலில் உள்ள உச்ச எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

மொத்த எடை வரம்பு 12,000 பவுண்டு உள்ள ஒரு டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். அதில் 20 விழுக்காடு 2,400 பவுண்டு. ஹிட்ச்சின் எடை 150 முதல் 200 பவுண்டு வரை இருக்கும். இருவரின் எடை 330 பவுண்டு என்றும், டிரக்குக்குள் வைக்கும் கருவிப்பெட்டி, மடிப்பு நாற்காலி, குளிர்பெட்டி முதலியன 150 பவுண்டு என்றும் வைத்துக்கொண்டால், மொத்தம் 3,000 பவுண்டைத் தாண்டிவிடுகிறது. முக்கால் டன் என்று சொல்லப்படும் 2500 அல்லது 250 வரிசை டீசல் டிரக்குகளில் பலவற்றின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதாலும், கனமான டீசல் இயந்திரமே அதில் பெரும்பங்கை விழுங்கிவிடுவதாலும், அவற்றின் பேலோடு 2,000 முதல் 2,500 பவுண்டுக்குள் நின்றுவிடுவது வழக்கம். பார்வைக்கு மலையையே இழுப்பது போல நிற்கும் அந்த வண்டி, நடுத்தர ஃபிஃப்த் வீல் ஒன்றை இழுக்கும். ஆனால் முறைப்படி சுமக்க முடியாது. அதே வரிசையில் பெட்ரோல் இயந்திரம் உள்ளது கூடுதலாகச் சுமக்கும் என்பதைக் கேட்டால் பலரும் நம்ப மறுக்கிறார்கள். அடுத்த பெரிய வகையான ஒரு டன் டிரக்குகள் பின்னால் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம் உள்ளவையாக இருந்தாலும் பெரும்பாலும் 3,500 முதல் 4,300 பவுண்டு வரை தாங்குவதால், இந்தக் கணக்கு அங்கே நிம்மதியாக முடிகிறது.

இதே கணக்கை இவற்றைவிடச் சிறிய வகையான அரை டன் டிரக்குக்குப் போட்டுப் பார்த்தால், விற்பனையாளர்கள் தாராளமாக ஒட்டும் ‘அரை டன்னால் இழுக்கலாம்’ என்ற வாசகத்தின் பொருள் விளங்கும். எஃப்-150, ராம் 1500 போன்ற வண்டிகளில் நாம் அன்றாடம் காண்பவை 1,400 முதல் 1,900 பவுண்டு வரை சுமப்பவை. 1,700 பவுண்டு என்று வைத்து, இருவரையும் ஹிட்ச்சையும் சில்லறைச் சாமான்களையும் கழித்தால் கிங்பின்னுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 1,100 பவுண்டு. அதை ஐந்தால் பெருக்கினால், அந்த டிரக்குக்குப் பொருந்தும் டிரெய்லரின் எடை 5,500 பவுண்டு. ஆனால் அந்த வாசகத்தோடு விற்கப்படும் ஃபிஃப்த் வீல்கள் பலவற்றின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டை ஒட்டியிருக்கிறது. தொழிற்சாலை சொல்லும் வெற்று எடையையும், அந்த வெற்று நிலையில் உள்ள கிங்பின் எடையையும் வைத்து அவர்கள் கணக்குக் காட்டுவார்கள். மின்கலமோ, எரிவாயுவோ, தண்ணீரோ, ஒரு கரண்டியோகூட இல்லாமல் யார் பயணம் போகிறார்கள்? இருவர் சில மாதங்களுக்கு ஏற்றும் சாமான்கள் ஆயிரம் பவுண்டைத் தாண்டுவது மிக எளிது. அதில் பெரும்பகுதி முன்புறத்துப் பெரிய அடியறைக்கும் படுக்கையறை அலமாரிக்கும் போவதால், கூடும் எடை நேராகக் கிங்பின்னில்தான் இறங்குகிறது.

ஆக, கையில் ஏற்கெனவே அரை டன் டிரக் இருந்து, அதை மாற்றும் எண்ணமும் இல்லையென்றால், தேர்வு ஏறக்குறைய முடிந்துவிட்டது. மினசோட்டாவின் பேக்கஸ் ஊரில் உருவாகும் ஸ்கேம்ப் 19 அடி ஃபிஃப்த் வீல், பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வந்த எஸ்கேப் 5.0 போன்ற கண்ணாடியிழைக் கூட்டு வகைகள்தாம் அந்த வண்டிக்கு உண்மையிலேயே பொருந்துபவை. இரண்டு பாதிகளாக வார்த்து ஒட்டப்படுவதால் இவற்றில் மழைநீர் புகக்கூடிய இணைப்புகள் மிகக் குறைவு. ஸ்லைடு-அவுட் கிடையாது, முன்மூக்கில் குனிந்து ஏற வேண்டிய படுக்கை, நடுவே ஒரு மேசை, கைக்கு எட்டும் தூரத்தில் அடுப்பு, ஒருவர் மட்டுமே திரும்பக்கூடிய குளியலறை என்று எல்லாம் அளந்து வைத்ததுதான். மூன்று வார விடுமுறைக்கும், ஒவ்வோர் இரவும் வேறிடம் என்று நகர்ந்துகொண்டே இருக்கும் பயணத்துக்கும் இது இனிமையாகவே இருக்கும். ஆனால் படுக்கையில் உட்கார்ந்தால் தலை கூரையில் தட்டும் இடத்தில், இரவில் எழுந்து கழிவறைக்குப் போக வேண்டிய வயதினர் மாதக்கணக்கில் தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்ததான 27 முதல் 32 அடி வரையுள்ள நடுத்தர வகையில்தான் உண்மையான தேர்வே தொடங்குகிறது. இங்கே முதலில் ஓர் எச்சரிக்கை. மாதிரிப் பெயரில் உள்ள எண்ணை நீளம் என்று எண்ணிவிடக் கூடாது. கிராண்ட் டிசைன் நிறுவனத்தின் ரிஃப்ளெக்ஷன் 303ஆர்எல்எஸ் என்ற பெயரைப் பார்த்தால் முப்பதடி என்று தோன்றும். கிங்பின் மூக்கிலிருந்து பின்பம்பர் வரை அளந்தால் அது 32 அடிக்கும் மேல். அதன் மொத்த எடை வரம்பு ஏறக்குறைய 12,000 பவுண்டு, அதாவது நாம் மேலே போட்ட கணக்குக்கு உரிய வண்டி. கேம்ப்கிரவுண்டில் இடம் பதிவு செய்யும்போதும், வீட்டு முன்றிலில் நிறுத்த முடியுமா என்று பார்க்கும்போதும் வெளிநீளமே செல்லும். பெயரில் உள்ள எண் செல்லாது.

பின்புறம் முழுவதும் அகன்ற சன்னல், அதன் முன்னே சாய்விருக்கைகள், நடுவே எதிரெதிராக விரியும் இரண்டு ஸ்லைடு-அவுட்டுகளில் சமையலறையும் சாப்பாட்டு மேசையும், இரண்டு மூன்று படி ஏறினால் குளியலறையும் படுக்கையறையும் என்ற அமைப்பு இந்த வகையில் மிகப் பரவலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இருவருக்கு வேண்டியது ஓர் அறையில் ஒருவர் தூங்க, மற்றொருவர் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கக் கூடிய பிரிவினை. மழை பெய்து இரண்டு நாள் வெளியே போக முடியாமல் உள்ளேயே அடைந்து கிடக்கும்போதுதான் ஒரு டிரெய்லரின் அளவு போதுமா என்பது தெரியவரும். 24 அடியில் ஒருவர் எழுந்தால் மற்றவர் காலை மடக்க வேண்டும். 30 அடியில் ஒருவர் சமைக்கும்போது மற்றவர் அவரைத் தாண்டிப் போகலாம். அதே வேகத்தில் இடவசதி 38 அடியிலும் கூடிக்கொண்டே போகும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே. எல்லா ஃபிஃப்த் வீல்களின் அகலமும் சாலை விதிகளின்படி எட்டரை அடிக்குள் அடங்க வேண்டியதால், கூடும் அடிகள் பெரும்பாலும் இரண்டாவது சோபாவாகவோ, துணி துவைக்கும் இயந்திரத்துக்கான மூலையாகவோ, நடுவில் ஒரு சிறிய அறையாகவோதான் மாறுகின்றன. அந்த நடுவறை பேரப்பிள்ளைகள் வந்து தங்குவதற்கு என்று சொல்லி வாங்கப்படுவது வழக்கம். ஆண்டில் எத்தனை இரவுகள் அவர்கள் உண்மையில் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தால், எஞ்சிய நாள்களில் அது பெட்டிகள் அடுக்கும் இடமாகவே இருக்கும்.

நாங்கள் இருவரும் இந்த நடுத்தர வகைக்காரர்கள் என்பதால் எனக்கு இதன்மேல் ஒரு சாய்வு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் இந்த வகைக்கும் குறைகள் உண்டு. விலையைக் கட்டுக்குள் வைக்க, தாங்கும் எடைக்கு மிக நெருக்கமான அச்சுகளையும் டயர்களையும் தொழிற்சாலைகள் பொருத்திவிடுகின்றன. 12,000 பவுண்டு வண்டிக்கு ‘இ’ என்ற தாங்குதிறன் வகுப்பு டயர்கள் கணக்குக்குச் சரியாக இருந்தாலும், கோடைக்காலத்து அரிசோனாச் சாலையில் கொஞ்சம் கூடுதல் தாங்குதிறன் இருப்பது நல்லது. சாமான் ஏற்றும் அளவும் வண்டிக்கு வண்டி மாறும். வெற்று எடைக்கும் மொத்த வரம்புக்கும் உள்ள இடைவெளி சில வண்டிகளில் 2,500 பவுண்டாக இருக்க, அதே நீளமுள்ள வேறொன்றில் 1,400 பவுண்டே இருக்கும். இரண்டாவது வண்டியில் 50 காலன் நன்னீரை நிரப்பினால், அமெரிக்கக் காலன் ஒன்றுக்கு 8.34 பவுண்டு வீதம், 417 பவுண்டு அப்போதே போய்விட்டது. எரிவாயு உருளைகள் இரண்டையும் மின்கலங்களையும் சேர்த்தால், உடுப்புக்கும் பாத்திரத்துக்கும் புத்தகத்துக்கும் எஞ்சுவது சுமார் 800 பவுண்டு. ஆறு மாதம் தங்குபவர்கள் இந்த இடைவெளியைப் பார்க்காமல் தரைவிரிப்பின் நிறத்தைப் பார்ப்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

குளிரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். அளவு பெரிதானால் குளிர் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு, அது சரியன்று. ஆரிகனின் லா கிராண்டில் நார்த்வுட் நிறுவனம் செய்யும் ஆர்க்டிக் ஃபாக்ஸ் வரிசையில் நடுத்தர நீள வண்டிகளே குளிர்காலத்தை மனத்தில் வைத்துக் கட்டப்படுகின்றன. அதே நேரத்தில், பெரிய வண்டி ஒன்றில் நான்கு ஸ்லைடு-அவுட்டுகளின் ஓரங்களும் ரப்பர் பட்டைகளை நம்பியே அடைபட்டிருக்கும். ஒவ்வொரு ஸ்லைடும் இடத்தைத் தருவதோடு எடையையும், மோட்டாரையும், என்றாவது ஒருநாள் கசியக்கூடிய நான்கு ஓரங்களையும் சேர்த்தே தருகிறது. இருவருக்கு இரண்டு அல்லது மூன்று போதும்.

இனி 34 முதல் 38 அடி வரையுள்ள பெரிய வகையும், 40 அடியைத் தாண்டியவையும். இவற்றின் மொத்த எடை வரம்பு 15,000 முதல் 20,000 பவுண்டு வரை போகிறது. 16,000 பவுண்டு வண்டியில் கிங்பின் எடை 3,200 பவுண்டிலிருந்து தொடங்கும். ஆட்களையும் ஹிட்ச்சையும் சேர்த்தால் 4,000 பவுண்டை நெருங்குவதால், ஒற்றைச் சக்கர ஒரு டன் டிரக் தன் எல்லையின் விளிம்பில் நிற்கும். பின் அச்சின் தாங்குதிறனும் டயர்களின் தாங்குதிறனும் அங்கே முன்னதாகவே தீர்ந்துபோகக் கூடும். அதற்கு மேல் போனால் பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரங்கள் கொண்ட டூவலி தவிர வேறு வழி இல்லை. டூவலி சாலையில் பாறையைப் போல நிதானமாக ஓடும்; ஆனால் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போகும்போது, மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் இடம் தேடும்போது, அதுவே இருவரின் ஒரே கார் என்பது நினைவுக்கு வரும். மோட்டார் இல்லமாக இருந்தால் பின்னால் ஒரு சிறு காரைக் கட்டி இழுத்துப் போகலாம். ஃபிஃப்த் வீல்காரருக்குப் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. பெரிய டிரெய்லரின் விலையோடு அதை இழுக்கும் டிரக்கின் விலையையும், அந்த டிரக்கோடு அன்றாடம் வாழும் சிரமத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆனால் பெரியதை வாங்குபவர்கள் எல்லாரும் தவறு செய்கிறார்கள் என்று சொல்வதற்கில்லை. ஒன்டாரியோவிலிருந்தோ மினசோட்டாவிலிருந்தோ குளிருக்குப் பயந்து நவம்பரில் கிளம்பி, டெக்சாஸின் தென்கோடியிலோ அரிசோனாவிலோ ஒரே பூங்காவில் ஏப்ரல் வரை தங்கும் தம்பதியர் ஆண்டில் இரண்டே முறைதான் வண்டியை நகர்த்துகிறார்கள். அவர்களுக்கு அது வீடு. சில நாள்கள் மட்டும் வாகனம். துணி துவைக்கும் இயந்திரமும், நின்று உடுத்தக்கூடிய அலமாரியும், இரண்டு குளிரூட்டிகளும் அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல. வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் டிரெய்லரிலேயே வாழப் போகிறவர்களுக்கும் 34 முதல் 36 அடி வரை நியாயமான அளவுதான். 40 அடிக்கு மேல் போவதற்கு மட்டும் இருவருக்கான காரணம் எனக்கு இதுவரை புலப்படவில்லை.

ஊர் ஊராகப் போக விரும்புவோருக்கு நீளத்தின் விலை கேம்ப்கிரவுண்ட் வாசலில் தெரியும். தேசியப் பூங்காக்களின் முகாம்கள் பலவும் இன்றைய டிரெய்லர்கள் பிறப்பதற்கு முன்பே அமைக்கப்பட்டவை. யோசெமிட்டியின் அப்பர் பைன்ஸ் முகாமில் டிரெய்லருக்கு 24 அடிதான் எல்லை. அதே பள்ளத்தாக்கில் லோயர் பைன்ஸில் 35 அடி வரை விடுகிறார்கள். கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் மேதர் முகாமின் வரம்பு 30 அடி. அடுத்தாற்போலவே உள்ள டிரெய்லர் வில்லேஜில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்புகளோடு 50 அடி வரை இடம் உண்டு, கட்டணமும் அதற்கேற்ப உயரும். கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-தி-சன் சாலையில் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேற்பட்ட எந்த வாகனமும் போக முடியாது என்பதால், அங்கே எல்லா ஃபிஃப்த் வீல்களும் கீழேயே நிற்க வேண்டியவைதாம். 30 அடியிலிருந்து 36 அடிக்குப் போகும்போது இழப்பது இத்தகைய பொது முகாம்களின் ஒரு பெரும் பங்கு. தனியார் பூங்காக்களில் மட்டுமே தங்குவோம் என்பவர்களுக்கு இது இழப்பே அன்று. டிரக்கோடு சேர்த்து மொத்த நீளம் என்று கேட்கும் இடங்களில், மூக்கு டிரக்கின் மேல் ஏறி நிற்பதால் ஆறு அடியளவு மிச்சமாகும் என்பது ஃபிஃப்த் வீலின் ஒரு சிறு நன்மை. 32 அடி டிரெய்லரும் 21 அடி டிரக்கும் சேர்ந்து 47 அடியளவில் முடியும்.

எரிபொருள் செலவு பலரும் அஞ்சுவது போல அளவோடு ஏறுவதில்லை. நெடுஞ்சாலையில் பெரும்பங்கு ஆற்றலைத் தின்பது காற்று. அந்தக் காற்றை எதிர்கொள்ளும் முகம் 28 அடி வண்டிக்கும் 36 அடி வண்டிக்கும் ஏறக்குறைய ஒன்றே. டீசல் டிரக்கில் காலனுக்கு 9 முதல் 12 மைல் வரை என்று வைத்துக்கொண்டால் இரண்டும் அதற்குள்ளேயே விழும். உயரமும் அப்படித்தான்: பெரும்பாலானவை 12 முதல் பதின்மூன்றரை அடி வரை உயர்ந்து நிற்பதால், தாழ்வான பாலங்கள் எல்லா அளவினருக்கும் பொதுப் பகை.

ஓட்டுநர் உரிமம் அளவோடு நேரடியாகத் தொடர்புடையது. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் 10,000 பவுண்டைத் தாண்டிய ஃபிஃப்த் வீலுக்குச் சாதாரண உரிமத்தில் ஒரு கூடுதல் ஒப்புதலும், 15,000 பவுண்டைத் தாண்டினால் வணிகம் சாராத ஏ வகுப்பு உரிமமும் வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 4,600 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்குத் தனி ஒப்புதல் பெற வேண்டும். இத்தனை வண்டிகளின் வில்லைகளில் 9,995 பவுண்டு என்று அச்சிட்டிருப்பது தற்செயல் அன்று. அந்த எண்ணைத் தொடுவதற்காகவே சாமான் ஏற்றும் அளவைச் சுருக்கியிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குவது வாங்குபவரின் வேலை.

மின்சாரத்தையும் தண்ணீரையும் பற்றிய வேறுபாட்டைச் சமையலறை வழியாகச் சொன்னால் நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும். சிறிய வகையிலும் நடுத்தர வகையின் கீழ்ப்பகுதியிலும் 30 ஆம்ப் இணைப்பு இருக்கும். அது தருவது 3,600 வாட். குளிரூட்டி ஓடும்போதே 1,500 வாட் அளவு போய்விடும். தண்ணீர் சூடாக்கியை மின்சாரத்தில் போட்டுவிட்டு, ஒரு பக்கம் இன்ஸ்டன்ட் பாட்டில் சோறு, மறுபக்கம் மிக்சியில் சட்னி என்று தொடங்கினால் பிரேக்கர் விழும். இருவரில் யார் எதை நிறுத்துவது என்ற பேச்சு தொடங்கும். 50 ஆம்ப் இணைப்பு 12,000 வாட் தருவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே 30 அடியை ஒட்டிய வண்டிகளில் 50 ஆம்ப் இணைப்பும் இரண்டாவது குளிரூட்டிக்கான ஏற்பாடும் உள்ளதைத் தேடுவது நல்லது. அது கிடைத்தால் பெரிய வகையின் முக்கியமான ஒரு வசதி நடுத்தர அளவிலேயே கிடைத்துவிடுகிறது. தாளிக்கும் புகை வெளியே போக அடுப்புக்கு மேலுள்ள விசிறி உண்மையாகவே சுவரைத் துளைத்து வெளியே விடுகிறதா, அல்லது வடிகட்டி உள்ளேயே திருப்பி விடுகிறதா என்பதையும் கையோடு பார்த்துவிட வேண்டும். சிறிய வண்டியில் மிளகாய் வற்றல் நெடி மறுநாள் வரை தலையணையில் இருக்கும்.

தண்ணீர்த் தொட்டியில் அளவுக்கும் கொள்ளளவுக்கும் உள்ள உறவு நேரானதன்று. நடுத்தர வண்டி ஒன்றில் 60 காலன் நன்னீர் இருக்கலாம். பூங்காவிலேயே நிற்பதற்கென்று கட்டிய பெரிய வண்டியில் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். இருவர் சிக்கனமாகப் புழங்கினால் நாளொன்றுக்கு 10 காலன் என்ற கணக்கில், 60 காலன் ஆறு நாள் வரும். அரிசோனாவின் குவார்ட்சைட் போன்ற பாலைநிலப் பொதுநிலங்களில் இணைப்பு எதுவும் இல்லாமல் தங்க நினைப்பவர்கள், டிரெய்லரின் நீளத்துக்கு முன்னால் நன்னீர், கழுவிய நீர், கழிவறை நீர் என்ற மூன்று தொட்டிகளின் கொள்ளளவையே பட்டியலில் தேட வேண்டும். பெரும்பாலும் முதலில் நிரம்பித் தொல்லை தருவது பாத்திரம் கழுவிய நீர்த் தொட்டிதான். நம் சமையல் முறையில் இது இன்னும் விரைவாக நிகழும்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, ஆண்டில் மூன்று முதல் ஆறு மாதம் வரை பயணம் செய்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது இடம் மாறும் தம்பதியருக்கு 29 முதல் 32 அடி வரை, 12,000 பவுண்டை ஒட்டிய மொத்த எடை வரம்பு, அதை இழுக்க ஒற்றைச் சக்கர ஒரு டன் டிரக் என்பதே என் பரிந்துரை. டிரக் ஏற்கெனவே முக்கால் டன் டீசலாக இருந்தால், அதன் வில்லையைப் பார்த்து 8,000 பவுண்டை ஒட்டிய சற்றுச் சிறிய வண்டிக்கு இறங்கிவருவதா, டிரக்கை மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும். ஊதுபைகளை வைத்துப் பின்புறத்தைத் தூக்கிவிட்டால் சுமைத்திறன் கூடிவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டியதில்லை, ஏனெனில் அவை வண்டியின் கோணத்தைச் சரிசெய்யுமே தவிர வில்லையில் உள்ள எண்ணை மாற்றா. டிரக்கின் பின்தட்டு ஆறரை அடியாக இருந்தால், கூர்மையாகத் திரும்பும்போது டிரெய்லரின் மூக்கு டிரக்கின் பின்கண்ணாடியில் இடிக்காத அமைப்பா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எட்டடித் தட்டில் அந்தக் கவலை இல்லை.

வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் ஸ்லைடு-அவுட்டுகளை எல்லாம் உள்ளே இழுக்கச் சொல்லிவிட்டு இருவரும் ஏறிப் பார்க்க வேண்டும். மதிய உணவுக்காகச் சாலையோர ஓய்விடத்தில் நிற்கும்போது குளிர்பெட்டியைத் திறக்க முடிகிறதா, கழிவறைக்குப் போக முடிகிறதா, அவசரத்துக்கு ஓர் இரவு படுக்கையை அடைய முடிகிறதா என்பது அப்போதுதான் தெரியும்; சில 36 அடி வண்டிகள் இந்தச் சோதனையில் 29 அடி வண்டியிடம் தோற்றுப்போகும். பிறகு விரித்துவிட்டு, ஒருவர் சமையல் மேடையிலும் மற்றவர் சாய்விருக்கையிலுமாக ஒரு மணி நேரமாவது உள்ளேயே இருந்து பார்க்கலாம். படுக்கையறையில் உயரமானவர் நிமிர்ந்து நின்று சட்டை மாட்டிக்கொள்ளட்டும்; முழங்கால் வலி உள்ளவர் உட்படிகளைப் பத்து முறை ஏறி இறங்கட்டும்.

வாங்கிய பின், முதல் நீண்ட பயணத்துக்கு எல்லாவற்றையும் ஏற்றித் தண்ணீரையும் நிரப்பிக்கொண்டு, நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள ‘கேட்’ (CAT) என்ற நிறுவனத்தின் எடைமேடையில் வண்டியை ஒருமுறை ஏற்ற வேண்டும். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் என்று மூன்று எடைகளையும் தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள். டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, அதே சாமான்களோடும் அதே ஆட்களோடும் டிரக்கை மட்டும் மறுபடி ஏற்றினால், டிரக்கின் இரண்டு எடைகளுக்கும் உள்ள வேறுபாடே உங்கள் வண்டியின் உண்மையான கிங்பின் எடை. அதோடு ஆட்கள், ஹிட்ச், டிரக்கில் உள்ள சாமான்கள் ஆகியவற்றின் எடையையும் கூட்டி, கதவுத் தூணில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து, மிகுதியாக இருந்தால் முன்னடியறையில் இருப்பவற்றில் எதை இறக்குவது என்று அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம்.